முறையீடும் ஒரு மொழித்திறனே

நுழையுமுன்

வீட்டில் இணையம் நின்றுபோகிறது. ரீசார்ஜ் செய்த பணம் கணக்கில் ஏறவில்லை. புதிதாக வாங்கிய கருவி மூன்றாம் நாளே பழுதாகிறது. இத்தகைய வேளைகளில் நம் வீடுகளில் முதலில் அழைக்கப்படுபவர் யார்? பெரும்பாலும் பள்ளியில் பயிலும் பிள்ளைதான். வாழும் ஊரின் மொழி, பெற்றோரைவிடப் பிள்ளைக்கே சரளமாக வருகிறது. ஆதலால் வாடிக்கையாளர் சேவை மையத்தோடு பேசும் பொறுப்பும் பிள்ளையின் கைக்கு வந்துவிடுகிறது. அப்பொறுப்பைச் செம்மையாக நிறைவேற்றும் வழியை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

தொலைவைச் சுருக்கிய கருவி

இந்தியாவில் முதல் கைப்பேசி உரையாடல் 1995ஆம் ஆண்டு சூலை 31ஆம் நாள் நிகழ்ந்தது. மேற்கு வங்க முதலமைச்சராக இருந்த ஜோதி பாசு கொல்கத்தாவிலிருந்து பேச, ஒன்றியத் தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்த சுக்ராம் தில்லியில் கேட்டார். அக்காலத்தில் கைப்பேசி செல்வர்களின் பொருள். அழைப்பவர் மட்டுமன்றி, அழைப்பை ஏற்பவரும் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. 2003ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்துதான் வரும் அழைப்புகளுக்குக் கட்டணம் இல்லை என்னும் நிலை ஏற்பட்டது. அதன்பின் கைப்பேசி எளியோர் கைகளுக்கும் வந்தது.

உங்கள் தாத்தா பாட்டியரைக் கேட்டுப் பாருங்கள். வெளியூரிலிருக்கும் உறவினரோடு பேசுவதற்கு டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்த நாள்களை அவர்கள் நினைவுகூர்வார்கள். எஸ்.டி.டி. வசதி வந்த பின்னரும், கட்டணம் குறையும் இரவு நேரத்திற்காகச் சாவடியின் வாசலில் வரிசையில் நின்றிருப்பார்கள். இன்றோ தில்லியிலோ புனேயிலோ இருக்கும் பேரப்பிள்ளை, தென்காசியிலிருக்கும் பாட்டியின் முகத்தைத் திரையில் பார்த்துக்கொண்டே பேசுகிறது. பொங்கல் பானை பொங்குவதை அங்கிருந்தவாறே காட்டுகிறார் பாட்டி.

வேலையின் பொருட்டு ஊர்விட்டு ஊர் செல்லும் குடும்பங்களுக்கு மற்றொரு நன்மையும் கிடைத்துள்ளது. கைப்பேசி எண்ணை மாற்றாமலே சேவை நிறுவனத்தை மட்டும் மாற்றிக்கொள்ளும் வசதி 2010ஆம் ஆண்டு நவம்பரில் அரியானாவில் தொடங்கி, 2011ஆம் ஆண்டு சனவரி 20 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. எனினும், ஒரு தொலைத்தொடர்பு வட்டத்திற்குள் மட்டுமே அவ்வாறு மாற முடிந்தது. 2015ஆம் ஆண்டு சூலை 3 முதல் இந்தியாவின் எப்பகுதிக்குச் சென்றாலும் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்றாயிற்று. மதுரையில் பெற்ற எண்ணோடு நாக்பூரில் வாழலாம். வங்கிக் கணக்கு, பள்ளிப் பதிவேடு, உறவினர் குறிப்பேடு எதிலும் எண்ணைத் திருத்த வேண்டியதில்லை. அடிக்கடி வீடு மாறும் குடும்பத்திற்குக் கைப்பேசி எண்ணே நிலையான முகவரியாகிவிட்டது.

எளிமையின் மறுபக்கம்

தெருமுனைக் கடையில் வாங்கிய பொருள் கெட்டிருந்தால், அதே கடைக்காரரிடம் சென்று காட்டலாம். அவருக்கு நம்மைத் தெரியும். நமக்கும் அவரைத் தெரியும். இன்றைய சேவைகள் பலவற்றில் அவ்வாறு எதிரே நிற்கும் முகம் இல்லை. அழைத்தால் ஒரு பதிவுக்குரல் பேசுகிறது. "இதற்கு ஒன்றை அழுத்துக, அதற்கு இரண்டை அழுத்துக" என்கிறது. பின்னர் இசை ஒலிக்கிறது. நெடுநேரம் காத்திருந்தபின் இணைப்பு அறுந்துவிடுகிறது. மீண்டும் அழைத்தால் வேறொருவர் எடுக்கிறார். கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

சில செயலிகளின் வடிவமைப்பே நம்மைத் தடுமாறச் செய்கிறது. நாம் தேர்ந்தெடுக்காத பொருளோ நன்கொடையோ கட்டணத்தில் தானே சேர்ந்திருக்கும். "இன்னும் ஐந்து நிமிடங்களே உள்ளன" என்று பொய்யான அவசரம் காட்டப்படும். சந்தாவில் சேர்வதற்கு ஒரு தட்டு போதும். விலகுவதற்கோ வழியைத் தேடி அலைய வேண்டும். இவ்வாறு நுகர்வோரை ஏமாற்றும் 13 வகை வடிவமைப்பு உத்திகளை வரையறுத்து, அவற்றைத் தடைசெய்யும் நெறிமுறைகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் வெளியிட்டது.

குறை ஏற்படும்போது மக்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றையே கைக்கொள்கின்றனர். சிலர் சினந்து கூச்சலிடுகின்றனர். பலர், "போனால் போகிறது, நாற்பத்தொன்பது ரூபாய்தானே" என்று விட்டுவிடுகின்றனர். கூச்சலால் மனத்தின் சூடு சற்றுத் தணியலாம். பணம் திரும்பி வராது. விட்டுவிடுவதால் நேரும் இழப்போ நம்மோடு முடிவதில்லை. ஒரு நிறுவனம் தவறாகப் பிடித்த 49 ரூபாயை ஓர் இலட்சம் பேர் கேளாமல் விட்டால், அந்நிறுவனத்தின் கையில் 49 இலட்சம் ரூபாய் தங்கிவிடும். இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதுவே முறையீடு.

முறையீடு என்னும் சொல்

'முறை' என்னும் சொல்லுக்கு ஒழுங்கு, நெறி என்னும் பொருள்கள் மட்டுமன்றி, நீதி என்னும் பொருளும் உண்டு. அரசன் நீதி வழங்குவதை 'முறை செய்தல்' என்பது பழந்தமிழ் வழக்கு. முறையிடுதல் என்றால் நீதியை வேண்டித் தன் குறையை முன்வைத்தல். ஆகவே முறையீடு என்பது வெறும் புலம்பல் அன்று. அது நீதியின்மீது நம்பிக்கை வைத்துப் பேசும் பேச்சு.

தமிழிலக்கியத்தில் நாம் அறிந்த முறையீடுகளுள் தலைசிறந்தது கண்ணகியின் முறையீடு. அவள் சோழநாட்டுப் புகாரில் பிறந்தவள். வாழ்வு தேடிக் கணவனோடு பாண்டிநாட்டு மதுரைக்கு வந்தவள். அந்நகரம் அவளுக்குப் புதிது. அங்கே அவளுக்காகப் பேசுவதற்குச் சுற்றத்தார் இல்லை. இருப்பினும் அரசவையில் அவள் தன் வழக்கை முன்வைத்த முறையைச் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் காண்கிறோம். "நீ யார்" என மன்னன் வினவியபோது, தன் ஊரையும் குடும்பத்தையும் பெயரையும் கூறுகிறாள். தன் கணவன் கோவலன் மதுரைக்கு எதற்காக வந்தான், அவனுக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சுருங்கச் சொல்கிறாள். பின்னர்ச் சான்றுக்கு வருகிறாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துகள். கோவலனிடமிருந்து கைப்பற்றிய சிலம்பு அவையில் வைக்கப்பட்டது. அவள் அதனை உடைத்தாள். மாணிக்கப் பரல் தெறித்தது. வழக்கு முடிந்தது.

கண்ணகியின் துயரமும் சினமும் மிகப் பெரியன. மதுரை எரிந்தது அதற்குப் பின்னர். ஆயினும் அரசவையில் வழக்கை வென்றது சினம் அன்று, சான்று. இதனை நாம் மறவாதிருத்தல் வேண்டும்.

முறையீட்டின் ஐந்து உறுப்புகள்

நல்ல முறையீட்டிற்கு ஐந்து உறுப்புகள் உண்டு. முதலாவது, முறையிடுபவர் யார் என்பது. பெயர், வாடிக்கையாளர் எண், தொடர்புகொள்ளும் வழி ஆகியவை இதில் அடங்கும். இரண்டாவது, நிகழ்ந்தது என்ன என்பது. மூன்றாவது, நிகழ்ந்த நாளும் நேரமும். நான்காவது, சான்று. விலைச்சீட்டு, பணம் செலுத்திய பரிமாற்ற எண், குறுஞ்செய்தி, திரைப்படி, முன்னர் அளித்த புகாரின் பதிவெண் ஆகியவை சான்றுகளாகும். ஐந்தாவது, நாம் வேண்டுவது யாது என்பது. பலரும் மறந்துவிடுவது இந்த ஐந்தாம் உறுப்பையே. பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா, பொருளை மாற்றித் தர வேண்டுமா, பழுது நீக்கித் தர வேண்டுமா என்பதைத் தெளிவாகச் சொல்லாவிட்டால், "தங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்னும் ஒற்றை வரியே விடையாகக் கிடைக்கும்.

பின்வரும் இரண்டு கூற்றுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதற்கூற்று: "உங்கள் சேவை மிக மோசம். எத்தனை முறை சொல்வது? எங்கள் பணத்தை விழுங்கிவிட்டீர்கள். இனி உங்கள் பக்கமே வரமாட்டோம்."

இரண்டாம் கூற்று: "மார்ச் 4ஆம் நாள் மாலை 6.20 மணிக்கு 299 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்தோம். வங்கிக் கணக்கிலிருந்து பணம் குறைந்துவிட்டது. கைப்பேசிக்கு இன்றுவரை சேவை கிடைக்கவில்லை. பரிமாற்ற எண் எங்களிடம் உள்ளது. இன்றே ரீசார்ஜை நிறைவேற்றுக. இயலாவிடில் பணத்தைத் திருப்பித் தருக. இப்புகாரின் பதிவெண்ணைக் கூறுக."

முதற்கூற்றில் உண்மையான வருத்தம் இருக்கிறது. ஆனால் அதனைக் கேட்பவர் செய்வதற்கு எதுவும் இல்லை. இரண்டாம் கூற்றைக் கேட்பவர் உடனே ஒரு செயலைத் தொடங்கலாம். வருத்தம் இரண்டிலும் ஒன்றே. சொல்லிய முறைதான் வேறு.

எங்கே முறையிடுவது?

முறையீடு படிப்படியாக மேலே செல்ல வேண்டும். முதற்படி, சேவை வழங்கிய நிறுவனமே. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் ஒவ்வொன்றும் புகார் மையம் ஒன்றை நடத்த வேண்டும். புகாரைப் பெற்றுக்கொண்டதும் அதற்குரிய பதிவெண்ணைத் தர வேண்டும். அங்கே தீர்வு கிடைக்காவிடின், அதே நிறுவனத்தில் உள்ள மேல்முறையீட்டு அலுவலரை அணுகலாம். 1997இல் நிறுவப்பட்ட இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் இதற்கான விதிகளை வகுத்துள்ளது. அவ்வாணையம் தனிமனிதர் புகார்களை நேரடியாக விசாரிப்பதில்லை. எனவே பதிவெண்ணும் மேல்முறையீடுமே நமக்குத் துணை.

பணப்பரிமாற்றத்தில் குறை நேர்ந்தால் வங்கியை அணுக வேண்டும். இந்திய ரிசர்வ் வங்கி 2019ஆம் ஆண்டு செப்டம்பரில் இதற்குக் காலவரையறை விதித்தது. யு.பி.ஐ. வழியாக ஒருவருக்கு அனுப்பிய பணம் நம் கணக்கில் குறைந்தும் அவர் கணக்கில் சேராவிட்டால், மறுநாளுக்குள் அது தானாகவே திரும்பி வரவேண்டும். ஏ.டி.எம். இயந்திரம் பணம் தராமலே கணக்கில் கழித்துவிட்டால், ஐந்து நாள்களுக்குள் திருப்பித் தர வேண்டும். தவறினால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. வங்கி 30 நாள்களுக்குள் விடை தராவிட்டாலோ, தந்த விடை நிறைவளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம்.

எந்தப் பொருள், எந்தச் சேவை ஆயினும், தேசிய நுகர்வோர் உதவி எண்ணாகிய 1915ஐ அழைத்து வழிகாட்டுதல் பெறலாம். அங்கு முறையிட்டும் தீர்வு கிடைக்காதபோது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்கோ சேவைக்கோ செலுத்திய தொகை 5 இலட்சம் ரூபாய் வரை இருப்பின், அங்கு மனுச் செய்வதற்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இன்றி நாமே வழக்கை எடுத்துரைக்கலாம். ஆனால் குறை நேர்ந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்துவிட வேண்டும்.

ஒன்றை இங்கே பிரித்தறிய வேண்டும். சேவைக் குறைபாடு வேறு, மோசடி வேறு. யாரேனும் வங்கி அலுவலர் போல் பேசி, ஓ.டி.பி. எண்ணைப் பெற்றுப் பணத்தைக் கவர்ந்துவிட்டால், அது குற்றம். அந்நிலையில் கடிதம் எழுதிக்கொண்டிருத்தல் ஆகாது. உடனே வங்கிக்குத் தெரிவித்து, இணையக் குற்றங்களுக்கான உதவி எண்ணாகிய 1930ஐ அழைக்க வேண்டும். விரைவே அங்குப் பயன் தரும்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு

பிறந்த ஊரைவிட்டு வேறு மாநிலத்தில் வாழ்வோர்க்கு இரண்டு ஐயங்கள் எழுவதுண்டு. "பொருளை வாங்கிய ஊர் வேறு, இப்போது இருக்கும் ஊர் வேறு, எங்கே வழக்கிடுவது?" என்பது ஒன்று. "எந்த மொழியில் முறையிடுவது?" என்பது மற்றொன்று.

முதல் ஐயத்திற்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 விடை தருகிறது. 1986ஆம் ஆண்டின் பழைய சட்டத்தின்படி, எதிர்த்தரப்பினர் இருக்கும் இடத்திலோ குறை நிகழ்ந்த இடத்திலோதான் மனுச் செய்ய வேண்டியிருந்தது. 2020ஆம் ஆண்டு சூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், முறையிடுபவர் வசிக்கும் இடத்திலோ பணிபுரியும் இடத்திலோ மனுச் செய்யலாம் என்கிறது. கோயம்புத்தூரில் வாங்கிய மாவரைக்கும் இயந்திரம் போபாலில் பழுதானால், போபாலிலேயே முறையிடலாம். இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களுக்கு இது பெரும் பேறு.

இரண்டாம் ஐயத்திற்கும் விடை உண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழ் உள்ளிட்ட 17 மொழிகளில் பேசலாம். அரசு அலுவலகங்களைப் பொறுத்தவரை, இந்திய அரசியலமைப்பின் 350ஆம் உறுப்பு நமக்கு ஓர் உரிமையை வழங்குகிறது. ஒன்றிய அரசின் அலுவலருக்கு முறையிடும்போது ஒன்றியத்தில் வழங்கும் மொழிகளுள் எதனையும், மாநில அரசின் அலுவலருக்கு முறையிடும்போது அம்மாநிலத்தில் வழங்கும் மொழிகளுள் எதனையும் பயன்படுத்தலாம் என்பது அதன் கருத்து.

ஆகவே, வாழும் ஊரின் மொழியை அறியாத தாயோ தந்தையோ குரலற்றவர் அல்லர். பிள்ளை துணைநிற்கலாம், ஆனால் பேச வேண்டியதைப் பெற்றோரிடமே முதலில் தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பணம் அவர்களுடையது, குறையும் அவர்களுடையது. "உங்களுக்கு ஒன்றும் தெரியாது, நான் பேசிக்கொள்கிறேன்" என்பது பெற்றோரின் குறையைக் கூட்டுமேயன்றித் தீர்க்காது. கேட்டவற்றைக் கூட்டாமல் குறைக்காமல் மறுமொழியில் சொல்பவரே நல்ல மொழிபெயர்ப்பாளர்.

மறுமுனையில் இருப்பவர்

சேவை மையத்தில் தொலைபேசியை எடுப்பவர் நம் பணத்தைப் பிடித்தவர் அல்லர். அவரும் ஊதியத்திற்குப் பணிபுரியும் ஒருவரே. நாள் முழுதும் பிறர் சினத்தைக் கேட்பது அவர் தொழில். ஒருவேளை அவரும் நம்மைப்போல் ஊர்விட்டு வந்தவராக இருக்கலாம். குறையின்மீது உறுதியாகவும் மனிதர்மீது மரியாதையோடும் பேசுதல் நம் கடமை. நம் வேண்டுகோளை ஓர் இம்மியும் குறைக்காமலேயே குரலைத் தாழ்த்தலாம். குறை தீர்ந்தபின் நன்றி சொல்லவும் மறத்தலாகாது.

சட்டங்கள் இருக்கின்றன, ஆணையங்கள் இருக்கின்றன, உதவி எண்கள் இருக்கின்றன. ஆயினும் அவை யாவும் ஒருவர் வாய் திறந்து சொல்லும்வரை காத்திருப்பவையே. தெளிவாகச் சொல்லத் தெரிந்தவருக்கே அவை பயன்படும். மொழியைக் கற்பதன் பயன்களுள் இதுவும் ஒன்று.

தெரிந்துகொள்வோம்

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அந்நாளே இந்தியாவில் தேசிய நுகர்வோர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1962ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான் எஃப். கென்னடி, நுகர்வோர் உரிமைகளைப் பற்றி அந்நாட்டு நாடாளுமன்றத்திற்குச் செய்தி அனுப்பினார். பாதுகாப்பு, தகவல் அறிதல், தேர்ந்தெடுத்தல், தம் குரல் கேட்கப்படுதல் ஆகிய நான்கு உரிமைகளை அச்செய்தி கூறியது. அதன் நினைவாக மார்ச் 15 உலக நுகர்வோர் உரிமைகள் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

மாதிரிக் கடிதம்

அனுப்புநர்
அ. ஆ. இ.,
கதவு எண், தெரு,
நாக்பூர்.

பெறுநர்
மேல்முறையீட்டு அலுவலர்,
(நிறுவனத்தின் பெயர், முகவரி)

ஐயா / அம்மையீர்,

பொருள்: துண்டித்த இணைய இணைப்பிற்குக் கட்டணம் பெற்றமை – திருப்பித் தர வேண்டுதல் – தொடர்பாக.

வணக்கம். நான் தங்கள் நிறுவனத்தின் அகன்ற அலைவரிசை இணைய வாடிக்கையாளன். வாடிக்கையாளர் எண்: ............

வீடு மாறியதால் இணைப்பை நிறுத்துமாறு மே 2ஆம் நாள் விண்ணப்பித்தேன். மே 5ஆம் நாள் தங்கள் ஊழியர் கருவியைப் பெற்றுக்கொண்டு ஒப்புகைச்சீட்டு தந்தார். அதற்குப் பின்னரும் சூன் மாதத்திற்கு உரிய கட்டணமாக 706 ரூபாயை என் வங்கிக் கணக்கிலிருந்து தங்கள் நிறுவனம் எடுத்துள்ளது. இதுபற்றிச் சூன் 9ஆம் நாள் புகார் மையத்தில் தெரிவித்தேன். புகார்ப் பதிவெண்: ............ இன்றுவரை தீர்வு கிடைக்கவில்லை.

அத்தொகையை என் கணக்கில் திரும்பச் செலுத்துமாறும், தானியங்கிக் கட்டண ஏற்பாட்டை நீக்குமாறும் வேண்டுகிறேன். ஒப்புகைச்சீட்டு, வங்கிக் கணக்குப் பக்கம் ஆகியவற்றின் படிகளை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இடம்: நாக்பூர்
நாள்: ............

சொல்லும் பொருளும்

நுகர்வோர் – பொருளையோ சேவையையோ விலை கொடுத்துப் பெற்றுப் பயன்படுத்துவோர்
முறையீடு – நீதி வேண்டிக் குறையை எடுத்துரைத்தல்
பரல் – சிலம்பின் உள்ளே இடப்படும் மணி
ஒப்புகைச்சீட்டு – பெற்றுக்கொண்டதை உறுதிசெய்யும் சீட்டு
திரைப்படி – திறன்பேசித் திரையில் தோன்றியதைப் படமாகச் சேமித்தது
பேறு – பெற்ற நன்மை
இம்மி – மிகச் சிறிய அளவு

இலக்கணம் அறிவோம்

1. செய்வினையும் செயப்பாட்டுவினையும்

"தங்கள் இணைப்பு துண்டிக்கப்பட்டது" என்னும் தொடரில் துண்டித்தவர் யார் என்பது வெளிப்படவில்லை. இது செயப்பாட்டுவினைத் தொடர். "நிறுவனம் இணைப்பைத் துண்டித்தது" என்னும் தொடரில் எழுவாய் வெளிப்படையாக நிற்கிறது. இது செய்வினைத் தொடர். நிறுவனங்களின் அறிவிப்புகளில் செயப்பாட்டுவினை மிகுதியாக வருவதைக் காணலாம். முறையீட்டில் செய்வினையையே ஆளுதல் நன்று; செயலுக்கு உரியவர் யார் என்பது அதனால் விளங்கும்.

2. முதனிலை திரிந்த தொழிற்பெயர்

'முறையிடு' என்னும் வினையில் உள்ள 'இடு' என்பது 'ஈடு' எனத் திரிந்து 'முறையீடு' என்னும் பெயர் உண்டாயிற்று. இவ்வாறே கெடு – கேடு, பெறு – பேறு, சுடு – சூடு எனவும் வரும். வினைப்பகுதியின் முதலெழுத்து நீண்டு தொழிற்பெயராவதால் இதனை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்பர்.

பயிற்சிகள்

அ) சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. எண்ணை மாற்றாமல் நாடு முழுவதும் எப்பகுதிக்கும் செல்லும் வசதி நடைமுறைக்கு வந்த ஆண்டு
க) 1995 ங) 2003 ச) 2011 ஞ) 2015

2. இணைய மோசடியால் பணத்தை இழந்தவர் உடனே அழைக்க வேண்டிய எண்
க) 1915 ங) 1930 ச) 1986 ஞ) 350

3. அரசவையில் கண்ணகியின் வழக்கை நிறுவிய சான்று
க) முத்துப் பரல் ங) ஒப்புகைச்சீட்டு ச) மாணிக்கப் பரல் ஞ) கோவலனின் மோதிரம்

ஆ) ஓரிரு தொடர்களில் விடை தருக.

1. 'முறை' என்னும் சொல்லின் பொருள்கள் யாவை?
2. நல்ல முறையீட்டின் ஐந்து உறுப்புகளை எழுதுக.
3. சேவைக் குறைபாட்டிற்கும் மோசடிக்கும் உள்ள வேறுபாடு யாது?
4. மறுமுனையில் பேசுபவரிடம் மரியாதையோடு நடந்துகொள்ள வேண்டியது ஏன்?

இ) விரிவாக விடை தருக.

1. இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களுக்கு 2019ஆம் ஆண்டின் சட்டமும் அரசியலமைப்பின் 350ஆம் உறுப்பும் எவ்வாறு துணைநிற்கின்றன?
2. "அரசவையில் வழக்கை வென்றது சினம் அன்று, சான்று." இக்கூற்றைப் பாடப்பகுதி கொண்டு விளக்குக.

ஈ) செய்வினைத் தொடராக மாற்றி எழுதுக.

1. என் கணக்கிலிருந்து 200 ரூபாய் வங்கியால் எடுக்கப்பட்டது.
2. பழுதான கருவி ஊழியரால் திருப்பி அனுப்பப்பட்டது.
3. எங்கள் புகார் புகார் மையத்தால் பதிவு செய்யப்படவில்லை.

உ) பின்வரும் கூற்றில் விடுபட்டுள்ள உறுப்புகள் யாவை எனக் கண்டறிந்து, அவற்றைச் சேர்த்துச் சிறந்த முறையீடாக மாற்றி எழுதுக.

"நாங்கள் வாங்கிய காதணிக் கேட்பொறி வேலை செய்யவில்லை. ஒரு பக்கம் கேட்கவே இல்லை. இதையெல்லாம் விற்கிறீர்களே!"

ஊ) செயல்பாடு

உங்கள் வீட்டில் தீராமல் இருக்கும் சேவைக் குறை ஒன்றைப் பெற்றோரிடம் தமிழில் கேட்டறிக. நாள், தொகை, சான்று ஆகியவற்றைக் குறித்துக்கொள்க. அதனை முதலில் தமிழிலும், பின்னர் நீங்கள் வாழும் மாநிலத்தின் மொழியிலோ ஆங்கிலத்திலோ கடிதமாக எழுதுக. எழுதிய கடிதத்தைப் பெற்றோருக்குப் படித்துக் காட்டுக. அவர்கள் "ஆம், இதுதான் நடந்தது" என்று ஒப்புக்கொண்ட பின்னர், அவர்களின் கையொப்பத்தோடு அனுப்புக.